காலைத் தூக்காதே, தேய்!

2016 டிசம்பர் கடைசியில் கொச்சி–முசிறிஸ் பினாலேவுக்குப் போனோம். மனைவிக்குக் கலை ஆர்வம். அவள் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, சோட்டானிக்கரை பகவதி தரிசனம். இரண்டுக்கும் ஒரே ரயில். எனக்கு? பெட்டி தூக்க ஆள் வேண்டாமா!

பினாலே இரண்டு வருடத்துக்கொரு முறை வரும் கலைத் திருவிழா. மிளகுக் கிடங்கு, பழைய பங்களா, தெருச்சுவர் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். அர்ஜென்டினா எழுத்தாளர் செர்ஜியோ செஃபெக்கின் நாவலை ஃபோர்ட் கொச்சிச் சுவர்களில் துண்டு துண்டாக எழுதியிருந்தார்கள். அடுத்த துண்டைத் தேடி மனைவி ஆட்டோவைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். நான் காசு கொடுத்துப் படித்ததிலேயே விலை உயர்ந்த நாவல் அதுதான். சில்லறை இல்லாமல், இரண்டாயிரம் ரூபாய்த் தாளைக் கண்டால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம் வேறு.

ஆஸ்பின்வால் ஹவுஸ், 1867இல் தொடங்கிய வணிக நிறுவனத்தின் வளாகம். மிளகும் இஞ்சியும் மூட்டையாய்க் கப்பலேறிய இடம். அங்கே ஒரு சாணிப் பிரமிடு. நாடு கடத்தப்பட்ட கவிஞர்களுக்காக ஸ்லோவேனியக் கவிஞர் அலெஷ் ஷ்டேகர் எழுப்பியது. உள்ளே கும்மிருட்டு. எங்கிருந்தோ கவிதை வாசிக்கும் குரல்கள். நான் உருகத் தயாரான நேரத்தில் பின்னாலிருந்து அத்தையின் குரல்: “மாப்பிள்ளை, சாணியில வைக்கோல் பத்தலை. வெடிச்சிரும்.”

அடுத்தது சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரிட்டாவின் ‘வலியின் கடல்’. நீளமான கிடங்கு, தரை முழுக்கக் கடல்நீர். அதில் இறங்கி நடந்து, எதிர்ச்சுவரில் இருப்பதைப் படிக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் கொக்கு மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துப் போனார்கள். அத்தை பதறிவிட்டார். “அய்யோ, காலைத் தூக்காதீங்க! தேய்ச்சுத் தேய்ச்சு வைங்க! சாக்கடை மூடி திறந்திருந்தா?”

அனுபவம் பேசியது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், முடிச்சூரில் அடையாறு எங்கள் வீட்டுக்குள் வந்தபோது, கேஸ் சிலிண்டர் கூடத்தில் மிதக்க, தலையில் ரேஷன் கார்டுப் பையோடு அதே நடையில்தான் தெருமுனை வரை வந்தார். அன்றைக்கு யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

“ரயிலேறி வந்து, காசு குடுத்து, மறுபடியும் தண்ணியா?” என்று மகளை முறைத்தார். ஆனாலும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதியும் பயபக்தியோடு காலைத் தேய்க்க ஆரம்பித்தார்கள். படைப்பில் அதுவும் சேர்த்தி என்று நினைத்திருக்க வேண்டும்.

“என்ன எழுதியிருக்கு?” என்றார் சுவரருகே. துருக்கிக் கடற்கரையில் குப்புறக் கிடந்த சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை அவரும் டிவியில் பார்த்தவர்தான். அவன் அண்ணன் காலிப்பும் அன்று மூழ்கினான், ஐந்து வயது, அவனை அப்படிப் படமெடுத்து உலகம் பார்க்கவில்லை, இது அவனுக்காக என்றேன்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது பாதி வழியில் நின்றார்.

“அவங்க அம்மா?”

“அவங்களும்தான்.”

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு வருட மாப்பிள்ளை உறவில் அதுதான் முதல் தடவை. வாசல் வரை விடவில்லை. நடுவில், காலைத் தூக்கி வைத்ததற்கு எனக்கு ஒரு திட்டும் விழுந்தது.