பெட்டி கட்டியாச்சா?

வீட்டோடு, தோழிகளோடு, ஆபீஸ் வேலையாக... ஊர் சுற்றும் பெண்கள் கேட்கிறார்கள்.

கேள்வி: தோழிகளோடு எங்கே கிளம்பினாலும் 'யார் யார் வர்றா, எங்க தங்குறீங்க, எப்ப வருவே' என்று அம்மா துளைத்து எடுக்கிறார். எப்படிச் சமாளிப்பது? (வாசகி, திருச்சி)

பதில்: சமாளிக்காதீர்கள், சொல்லிவிடுங்கள். ரயில் பெயர், பெட்டி எண், தங்கும் இடத்தின் முகவரி, கூட வரும் தோழி ஒருத்தியின் நம்பர். கேட்பதற்கு முன்பே அம்மாவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். நடு ராத்திரியில் முழிப்பு வந்தால், 'இந்நேரம் விழுப்புரம் தாண்டியிருப்பா' என்று நினைத்துத் திரும்பிப் படுக்க அவருக்கும் ஒரு பிடி வேண்டாமா?

கேள்வி: கல்லூரித் தோழிகள் ஏழு பேர். கோவா போகலாம் என்று பேசிப் பேசியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. (வாசகி, ஈரோடு)

பதில்: 'எல்லாருக்கும் எந்தத் தேதி தோதுப்படும்' என்ற கேள்வியை முதலில் நிறுத்துங்கள். ஏழு பேருக்கும் தோதான தேதி எந்தக் காலண்டரிலும் இல்லை. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கு முன் 120 நாள். நாலு மாதம் முன்கூட்டி யோசித்த காலம் போய்விட்டது. ரெண்டு மாதத்துக்கு முன்பு முடிவெடுத்தால் போதும். தேதியை நீங்களே அறிவியுங்கள். முன்பதிவு திறக்கும் நாள் காலை 8 மணிக்குள் யார் பணம் அனுப்பியிருக்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் டிக்கெட். ரெண்டு பேர்தான் தேறினார்கள் என்றாலும் கிளம்புங்கள். உங்கள் போட்டோக்களைப் பார்த்த பிறகு அடுத்த தடவை மிச்சப் பேரும் வருவார்கள்.

கேள்வி: வேலை விஷயமாக அடிக்கடி இரவு ரயிலில் தனியாகப் போகிறேன். உள்ளுக்குள் பயம்தான். (வாசகி, மதுரை)

பதில்: நியாயமான பயம். அதனால் உங்களுக்கென்று என்னென்ன ஏற்பாடு இருக்கிறது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

டிக்கெட் போடும்போது 'லேடீஸ் கோட்டா'வையும் பாருங்கள். தொலைதூர மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் 6 பெர்த் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. தனியாகப் போகலாம், பெண்கள் மட்டும் சேர்ந்தும் போகலாம். வயது வரம்பு இல்லை. பொது ஒதுக்கீட்டில் வெயிட்டிங் லிஸ்ட் ஓடும்போதும் சில சமயம் இங்கே இடம் கிடைக்கும். தனியாகப் பயணம் செய்யும் பெண்களைப் புறப்படும் நிலையத்திலேயே சந்தித்து, வழியில் உள்ள நிலையங்களுக்கும் தகவல் சொல்லிவிடும் 'மேரி சஹேலி' திட்டத்தை ரயில்வே பாதுகாப்புப் படை 2020 முதல் நடத்துகிறது. சீருடையில் ஒரு பெண் காவலர் வந்து இருக்கை எண் கேட்டால், அது உங்களுக்காகத்தான். வழியில் தொல்லை என்றால் 139-ஐ அழையுங்கள்.

இன்னொரு 139-உம் உண்டு. ரயில்வே சட்டம் 1989-இன் 139-ஆவது பிரிவு. கைப்பை திருடுபோய், டிக்கெட்டும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை என்று நிற்கிறீர்கள் என்று வையுங்கள். ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணை வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் ராத்திரியில் இறங்கச் சொல்ல முடியாது. ஏறிய நிலையம், ஜங்ஷன், கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் ஆகியவற்றில்தான் இறக்கலாம், அதுவும் பகலில். அபராதம் தனி விஷயம், அதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் 'இறங்கும்மா' என்று யாராவது இருட்டில் கதவைக் காட்டினால், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ வேண்டியதில்லை.

கேள்வி: 'ஃபேமிலியா வந்திருக்கோம், சீட் மாத்திக்கிறீங்களா?' என்று எப்போதும் என்னிடமே கேட்கிறார்களே? (வாசகி, சேலம்)

பதில்: தனியாக இருக்கும் பெண் மறுக்க மாட்டாள் என்ற எண்ணம்தான். மாற்றச் சொல்லும் இருக்கை உங்களுக்கு வசதிப்பட்டால் மாறுங்கள். ஆண்கள் மட்டுமே இருக்கும் பகுதிக்கு மாறச் சொன்னால், 'முடியாதுங்க.' விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

கேள்வி: அலுவலகப் பயணமாக வெளியூர் போனால், கூட வரும் மேலாளர் ராத்திரி பத்து மணிக்குத் தன் அறைக்கு 'மீட்டிங்' என்று கூப்பிடுகிறார். ஊர் திரும்பி வந்து சொன்னால், 'அது ஆபீஸுக்கு வெளியே நடந்தது' என்கிறார்கள். (பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: அப்படிச் சொன்னவர்கள் சட்டத்தைப் படிக்கவில்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தமாக நீங்கள் போகும் எந்த இடத்தையும் பணியிடம் என்றே சொல்கிறது. நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டிகூட அதில் அடக்கம். ஹோட்டல் எப்படி வெளியே ஆகும்?

இந்தச் சட்டத்துக்கு அடி போட்டவரும் வேலை செய்யப் போய் அடிபட்டவர்தான். ராஜஸ்தானில் அரசுத் திட்டம் ஒன்றில் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதைத் தொடர்ந்து போடப்பட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1997-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான விசாகா நெறிமுறைகளைத் தந்தது. நீங்கள் இன்று கையிலெடுக்கப் போகிற உரிமை அந்த வழியாக வந்தது.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். குழுவே இல்லையா? மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. விசாரணை முடியும்வரை இடமாற்றமோ, மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம்.

அடுத்த பயணத்தில் அழைப்பு வந்தால் போனில் பதில் சொல்லாதீர்கள், மெசேஜில் சொல்லுங்கள்: 'லாபியில் பேசலாம் சார், கீழே வருகிறேன்.' நேரத்தோடு பதிவாகட்டும். அந்த மெசேஜை அழிக்காதீர்கள்.

கேள்வி: முதல் வெளிநாட்டுப் பயணம். டிக்கெட் போடும் இடத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்கிறது. எனக்கு இனிஷியல் மட்டும்தானே! (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இனிஷியல் நம் ஊர் வழக்கம், உலகத்தின் கம்ப்யூட்டர்களுக்கு அது புரிவதில்லை. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. புதிதாக எடுக்கிறீர்கள் என்றால் இனிஷியலை விரித்து அந்தக் கட்டத்தில் எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படியோ, டிக்கெட்டிலும் அப்படியே.

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பரில் அறிவித்த விதிகளின்படி, விண்ணப்பத்தில் அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் போதும். திருமணச் சான்றிதழும் கேட்பதில்லை. 'கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்துக்கலாம்' என்று யாராவது சொன்னால் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: அத்தை, சித்தப்பா, குழந்தைகள் என்று பதினோரு பேரோடு ஊட்டி. பொறுப்பு முழுக்க என் தலையில். (வாசகி, கும்பகோணம்)

பதில்: சொந்த வண்டியோ, வேனோ, இ-பாஸ் எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். அத்தையின் புளியோதரைத் தூக்கு தாராளமாக வரலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரிக்குள் கூடாது. மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் மலை ரயிலுக்கு இடம் கிடைத்தால் விடாதீர்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் தொடங்கும். எஞ்சின் பற்களை அதில் கவ்விக்கொண்டு ஏறும் 'கட கட' சத்தம் குன்னூர் வரைக்கும் வரும். பெரியவர்களைத்தான் ஜன்னலோரம் உட்கார வைக்க வேண்டும். அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்களே வையுங்கள்.

கேள்வி: பயணத் தேதியும் மாதவிலக்கும் ஒன்றாக வருகிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தள்ளிப்போடலாமா? (வாசகி, வேலூர்)

பதில்: டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பொதுவாக அந்த மாத்திரையை எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். கிளம்பும் அன்று விழுங்கிப் பயனில்லை. உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ ரத்தக்கட்டு வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: ட்ரெக்கிங் போக ஆசை. குரங்கணியைச் சொல்லி வீட்டில் தடுக்கிறார்கள். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: குரங்கணியை நினைப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம். கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ சுற்றிக்கொண்டது. அவர்களில் பலர் நம்மைப் போல வேலை பார்த்து, லீவு போட்டு வந்த இளம்பெண்கள். 23 உயிர் போனது. காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மனிதக் கால் அதை முந்த முடியாது. மார்ச் மாதம், காய்ந்த புல், காற்று. மூன்றும் சேரும் இடத்தில் யாருமே இருக்கக் கூடாது.

அதனால் வீட்டில் இப்படிச் சொல்லுங்கள்: வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. இணையத்தில் பதிவு, உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார், தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். இதற்கு வெளியே யார் கூப்பிட்டாலும், எவ்வளவு மலிவு என்றாலும், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பொண்ணுக்கு மலை எதற்கு என்றும் யாராவது கேட்டிருப்பார்கள். பொதிகையில் அகத்தியர்கூடம் என்ற உச்சிக்கு, கேரளப் பக்கமிருந்து பெண்களை ஏற விடாமலே வைத்திருந்தார்கள். 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் அந்தத் தீர்ப்புக்குப் பின் ஏறிய முதல் பெண் ஆனார்.

கேள்வி: இதுவரை தனியாக எங்கும் போனதில்லை. எங்கே தொடங்க? (வாசகி, செங்கல்பட்டு)

பதில்: கன்னியாகுமரி. சாயங்காலம் உங்கள் ஊரிலேயே ரயில் ஏறலாம், விடியும்போது கடல். ஸ்டேஷனிலிருந்து நடந்தே கரைக்குப் போகலாம். விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் இணைக்கிறது, 2024 டிசம்பர் 30-இல் திறந்தார்கள். முதல் படகுக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். வெயில் ஏறினால் கூட்டமும் ஏறும்.