சிங்கமும் பாலும்

கே: தெஹ்ரான் பேச்சுதான் மூத்த பாரசீகமா?

ப: மூத்தது இல்லை, அரியணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கஜார் வம்சத்து ஆகா முகமது கான் தலைநகராக்கும்வரை தெஹ்ரானுக்குப் பெரிய பேர் கிடையாது. அதை ஒட்டிய ஷெமிரான் கிராமத்து மக்கள் பேசியதோ காஸ்பியன் கரையோர மொழிகளுக்கு நெருங்கிய வேறொரு பேச்சு. அரசவை வந்தது, 1940இல் வானொலி வந்தது, சினிமாவும் டிவியும் சேர்ந்துகொண்டன. மவுசு அப்படி ஏறியதுதான்.

கே: ஒருவர் எந்த ஊர்க்காரர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: வாக்கியத்தின் வாலைக் கவனியுங்கள். 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு ஏட்டுப் பாரசீகம் 'கூப் அஸ்த்'. தெஹ்ரான்காரர் வாயில் அது 'கூபே'. இஸ்ஃபஹான்காரர் 'கூபெஸ்' என்பார். அந்தக் கடைசி 'ஸ்' ஒன்று போதும், ஊர் தெரிந்துவிடும். ரொட்டியும் காட்டிக்கொடுக்கும்: தெஹ்ரானில் 'நூன்', காபூலில் 'நான்'.

கே: ஆப்கானிஸ்தானின் தாரி, தாஜிகிஸ்தானின் தாஜிக் இரண்டும் தனி மொழிகள்தானே?

ப: சட்டத்தில் தனி, காதில் ஒன்று. 'தாரி' என்ற பெயரை ஆப்கானிஸ்தான் 1964 அரசியல் சாசனத்தில் எழுதிவைத்தது. தாஜிக்கைச் சோவியத் அரசு சிரிலிக் எழுத்துக்கு மாற்றியது. தாஜிக்கில் ரஷ்யச் சொற்கள் ஏறியிருப்பது உண்மை. ஆனாலும் என் கணக்கில் மூன்றும் ஒரே மொழிதான்.

காபூல் பேச்சைக் கொச்சை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பழைய பாரசீகத்தில் 'ஷேர்' என்றால் சிங்கம், 'ஷீர்' என்றால் பால். காபூல்காரர் இன்றைக்கும் இரண்டையும் பிரித்தே சொல்கிறார். தெஹ்ரானில் இரண்டுமே 'ஷீர்'. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த 'ஷேர் கான்' புலியின் பெயரில் இருப்பது, இந்தியாவுக்கு வந்த அந்தப் பழைய உச்சரிப்புதான். தலைநகரம் தொலைத்ததைக் காபூல் காப்பாற்றி வைத்திருக்கிறது.

கே: பாரசீகக் கவிஞர் சாதி எழுதியது எந்தப் பேச்சு?

ப: இலக்கியப் பாரசீகம். ஆனால் 13ஆம் நூற்றாண்டின் அந்த ஷிராஸ் கவிஞர் அரபி, பாரசீகம், ஷிராஸ் ஊர்ப்பேச்சு மூன்றையும் கலந்தும் ஒரு கவிதை எழுதினார். சொந்த ஊர்ப்பேச்சை எழுத அவர் கூசவில்லை.

கே: வட ஈரானின் கிலான் மக்கள் பேசுவதும் பாரசீகக் கிளைதானா?

ப: இல்லை. கிலகி தனி மொழி. அதை வட்டார வழக்கு என்பது அநியாயம். பஹ்ராம் பெய்சாயீ எடுத்து 1989இல் வெளிவந்த 'பாஷு' படத்தைப் பாருங்கள். போருக்குத் தப்பி வடக்கே வந்த, அரபி பேசும் சிறுவனுக்கும் அவனுக்கு இடம் கொடுக்கும் கிலகிப் பெண்ணுக்கும் பேச்சு புரியாது. ஊர்ப் பிள்ளைகள் முன்னால் பள்ளிப் பாடப் புத்தகத்தை எடுத்து அவன் உரக்க வாசிக்கிறான், எல்லாருக்கும் புரிகிறது. பொதுப் பாரசீகத்தின் பயன் அங்கே தெரியும். அது தெஹ்ரானின் தெருப்பேச்சு இல்லை, ஏட்டு மொழி.

கே: புதிதாகக் கற்பவர் எதில் தொடங்கலாம்?

ப: எழுத்துக்கு ஏட்டு மொழி, படம் பார்க்கத் தெஹ்ரான் பேச்சு. ஆறு மாதம் கழித்துக் காபூல் செய்தியைக் கேளுங்கள், முக்கால்வாசி பிடிபடும்.