நெஞ்சுக்கு முதுகு, கக்கத்துக்கு வயிறு

எங்கள் பக்கத்தில் தோல் கோட்டு போட்ட ஆளை இரண்டு இடத்தில்தான் பார்க்க முடியும். ஒன்று, சினிமா போஸ்டர். இன்னொன்று, ஏற்றுமதிக் கம்பெனி வரவேற்பறையில் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கம் நெடுகத் தோலைப் பதப்படுத்தி உலகத்துக்கே போர்த்திவிடுகிறோம். நாங்களோ வேலூர்ச் சித்திரையில் பனியனையே பாரமாக நினைக்கிறவர்கள். நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊரில் கோட்டுக்கு என்ன வேலை?

எனக்கு அந்த வேலை மகளால் வந்தது. அவள் ஹாம்பர்க்கில் இருக்கிறாள். ஜனவரியில் வந்தே ஆகவேண்டும் என்று பல மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிட்டாள். "ஹாம்பர்க் போறோம், பயங்கரக் குளிராம்" என்று என் மனைவி பெருமையாகச் சொன்னபோது எதிர்வீட்டு அம்மா, "ஆம்பூர்ல இன்னாம்மா குளிரு? பஸ் ஏறினா ஒன்றரை மணி நேரம்" என்றார். மனைவி அதற்குப் பிறகு ஜெர்மனி என்றே சொல்ல ஆரம்பித்தாள்.

மகள் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பீ கோட்டு. இடுப்புக்குச் சற்றுக் கீழே முடியும். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படியும். இரண்டு வரிசைப் பட்டன். காது வரை தூக்கிவிடக்கூடிய அகலமான காலர். கை குளிர்ந்தால் நுழைத்துக்கொள்ள இரு பக்கமும் செங்குத்தாகப் பை. கப்பல்காரர்களின் உடை. "கம்பளியில் இங்கேயே கிடைக்கும்பா, வந்து வாங்கிக்கலாம்" என்று எழுதியிருந்தாள். நல்ல எண்ணத்தில்தான் எழுதினாள். ஆனாலும் தோல் ஊர்க்காரனைப் பார்த்து, வந்து கோட்டு வாங்கிக்கொள் என்பது, திருநெல்வேலிக்காரனை அல்வாவுக்கு வெளியூர் கூப்பிடுகிற வேலை. தோலிலேயே தைத்துக்கொண்டு வருகிறேன் என்று பதில் போட்டேன்.

நியாயம் அவள் பக்கம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீ கோட்டுக்கு உரிய துணி கெட்டியாக நெய்து அடித்த கம்பளிதான். கம்பளி சூட்டைப் பிடித்து வைக்கும். தோல் காற்றைத் தடுக்கும். சூடு தரவேண்டுமானால் உள்ளே நல்ல லைனிங் வேண்டும். ஆனால் கடலுக்கும் தோலுக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் தோல் கோட்டு போட்டுக்கொண்டுதான் மேல்தளத்தில் நின்றார்கள். அமெரிக்கக் கடற்படையோ 2020-க்குள் எல்லாருக்கும் புது மாதிரிக் குளிர்ச்சட்டை என்று சொல்லி, கம்பளிப் பீ கோட்டை விருப்பம் இருந்தால் போட்டுக்கொள் என்று ஒதுக்கிவிட்டது. கப்பல்காரனே கைவிட்ட உடையை வேலூர்க்காரன் எடுத்து ஆதரித்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

முதலில் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றுக்குப் போனேன். ஷூ, பெல்ட், பர்சு எல்லாம் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்'. கடைக்காரர் நான் கேட்காமலேயே லைட்டரை எடுத்து ஒரு பர்சின்மேல் நெருப்பைக் காட்டினார். "பாருங்க சார், எரியல. ஒரிஜினல் லெதர்." சீதைக்கு வைத்த பரீட்சையைப் பர்சுக்கு வைக்கிறார். இதில் தேறுவதால் ஒன்றும் நிரூபணமாவதில்லை. தோலின்மேல் பூசிய பூச்சும் கருகும். ரெக்சினும் ஒரு நொடி நெருப்பைத் தாங்கிவிடும். வெட்டிய விளிம்பையும் பின்பக்கத்தையும் பார்த்தால் போதும். தோல் என்றால் நார் நாராக இருக்கும், ரெக்சின் என்றால் அடியில் துணி தெரியும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஆம்பூர் பாய்.

பாய் ஆயுசு முழுக்க டேனரிகளில் செலக்ஷன் பார்த்தவர். வந்து விழும் தோலை ரகம் ரகமாகப் பிரித்துப் போடும் வேலை. தடவிப் பார்த்தே மாட்டின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுவார். "இது உண்ணி கடிச்சது. இது முள்வேலி கீறினது. இது நோவுக்குச் சூடு வெச்சது. இது நுகத்தடி தேய்ச்ச தழும்பு, பாவம், ரொம்ப உழைச்சிருக்கு." கோட்டு யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் நான் எந்த ரகத்தில் விழுந்தேன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இணையத்தில் பொழுது போக்கும் என் மச்சான், கோட்டு என்றால் குதிரைத் தோல்தான் என்று ஏற்றிவிட்டிருந்தான். அமெரிக்கப் பழைய விமானிகளின் கோட்டெல்லாம் அதுவாம். சிகாகோவில் ஹார்வீன் என்ற டேனரி 1905 முதல் இருக்கிறதாம். பாயிடம் சொன்னேன். "குதிரையா? எங்க ஊருக்கு அது மாப்பிள்ளையைத் தூக்கிட்டுத்தான் வரும். இறக்கி விட்டுட்டுப் போயிடும்" என்று முடித்துவிட்டார்.

அடுத்தது மாடு. இதில் தடை வீட்டிலிருந்து வந்தது. "மாட்டுத் தோலைப் போட்டுக்கிட்டு என் பக்கத்துல உட்காராதீங்க."

"காலில் போட்டிருக்கிறேனே, அது என்ன?"

"அது கால்ல. இது நெஞ்சுல."

இந்தத் தர்க்கத்துக்கு எந்த சாஸ்திரத்திலும் பதில் கிடையாது. நல்லவேளை, பாயும் மாட்டை வேண்டாம் என்றார், காரணம் மட்டும் வேறு. பீ கோட்டில் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. ஒவ்வொரு பக்கமும் உள்மடிப்போடு சேர்த்து இரண்டு அடுக்கு. ஆக நெஞ்சுக்கு நேரே நாலு அடுக்கு. ஜாக்கெட்டுக்குப் போடும் மாட்டுத் தோல் 1.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பட்டன் போடும் இடத்தில் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர். அதற்குப் பட்டன் போதாது, தாழ்ப்பாள் வேண்டும். ஒற்றை வரிசை ஜிப் வைத்த ஜாக்கெட்டுக்கு எது நல்ல தோலோ, அதுவே இந்தக் கோட்டுக்குக் கெட்ட தோல். தோல் கோட்டு வாங்குகிறவர்களில் பலர் கனம்தான் தரம் என்று நினைக்கிறார்கள். பீ கோட்டைப் பொறுத்தவரை கனம் என்பது தோள்வலி, அவ்வளவுதான்.

மெல்லியதாக இழைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். எருமைத் தோலைக்கூட மெஷினில் கொடுத்துப் பிளந்து மெலிதாக்கிவிடலாமே? பாய் சிரித்தார். தோலின் பலம் மேல்தோலுக்குக் கீழே பின்னிக் கிடக்கும் நாரில் இருக்கிறது. தடித்த தோலை அடியிலிருந்து சீவிச் சீவி மெலிய வைத்தால் அந்த நாரில் பெரும்பகுதி போய்விடும். பிறவியிலேயே மெலிந்த தோலோ அதே கனத்தில் கெட்டியாக இருக்கும். நானும் பிறவியிலேயே மெலிந்தவன்தான் என்பதால் இந்தத் தத்துவம் உடனே மனதில் பதிந்தது.

மிஞ்சியது செம்மறியும் வெள்ளாடும். நாப்பா என்கிற மெத்தென்ற செம்மறித் தோலைத் தொட்டால் கையை எடுக்க மனம் வராது. மெலிந்த தோல் கோட்டுகள் நிறைய அதில்தான் வருகின்றன. ஆனால் குளிர்நாட்டுக் கம்பளி ஆட்டின் தோல் உள்ளே தளர்ந்து இருக்கும். மேல்தோல் தனியாக உரிந்து வரவும்கூடும். நம்மூர்ச் செம்மறி பெரும்பாலும் கம்பளி ஆடு இல்லை, முடி ஆடு. அதன் தோல் இறுக்கம். இதைக் கேட்டு நான் செம்மறி பக்கம் சாய்ந்தபோது பாய் ஒரு வெள்ளாட்டுத் தோலை எடுத்து விரித்தார். மேலே இயற்கையான மணி மணியான சொரசொரப்பு. நகத்தால் கீறினால் கீறல் அதிலேயே மறைந்துவிடுகிறது. உள்பக்கமாக மடித்துக் காட்டினார். நுண்ணிய சுருக்கம் மட்டும் விழுந்தது. தளர்ந்த தோலென்றால் அங்கே குழாய் குழாயாக எழும்பும். ஈரத் துணியால் தேய்த்தார், சாயம் ஒட்டவில்லை. கனம் 0.8 மில்லிமீட்டர். ஆம்பூர் பிரியாணியில் எனக்கும் வெள்ளாட்டுக்கும் ஏற்கெனவே நெடுநாள் தொடர்பு உண்டு. தொடர்பு வெளியிலிருந்தும் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

பழைய முறையில் பதப்படுத்திய தோலாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கு ஓர் ஆசை. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டு, கடுக்காய் கொடுத்து முடிக்கிற முறை. 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்ற பெயரில் அது லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்சு ஆனது. ஆவாரை பூத்த ஊரில் சாவு கிடையாது என்பார்கள். ஆடு மாடுகளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. பாய் ஒப்பவில்லை. பட்டைத் தோல் பைக்கும் பெல்ட்டுக்கும் சரி, கோட்டுக்கு விறைப்பு. மடிந்து விழவேண்டுமென்றால் குரோம் தோல்தான் என்றார். குரோம் கொடுத்த தோல் முதலில் இளநீல நிறத்தில் ஈரமாக வெளியே வரும். அதற்குப் பெயரே வெட் ப்ளூ. சென்னையில் ரயிலில் போகும்போது குரோம்பேட்டை என்ற பெயரைப் பார்க்கிறோமே, அது அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலை விட்டுப்போன பெயர்.

அந்தக் குரோமும் உப்பும் கழிவாகப் போய்ச் சேர்ந்த இடம் பாலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டக் கல்லூரி மாணவர்கள் எங்கள் ஊர்ப் பெயரை இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். அதே விவகாரத்தில் 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது என்றால், நடுவே இருந்த ஆண்டுகளில் ஆறு எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இருபத்தெட்டு ஆண்டில் ஒரு குழந்தை பிறந்து, படித்து, ஹாம்பர்க்குக்கே போய்விடுகிறது.

தைக்க ஆள் பிடிப்பது எளிதாக இல்லை. ஆம்பூர் காலுக்குச் செய்கிற ஊர், உடம்புக்கு அல்ல. சென்னையில் ஏற்றுமதி கார்மெண்ட் கம்பெனியில் சாம்பிள் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் பேரணாம்பட்டில் கிடைத்தார். ஐரோப்பாவுக்கு எத்தனையோ கோட்டு வெட்டியவர், ஒன்றைக்கூடப் போட்டதில்லை. முதலில் காடாத் துணியில் ஒரு கோட்டு தைத்து எனக்குப் போட்டுப் பார்த்தார். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை இறங்கியதுதான், பிரித்துத் தைத்தால் அடையாளம் நிற்கும். அளவெடுக்கும் முன், "பிரியாணி சாப்பிட்டுட்டு வாங்க சார்" என்றார். ரெண்டு அடுக்கு ஏறுகிற கோட்டுக்கு வெறும் வயிற்றில் அளவெடுத்தால் பட்டன் தெறிக்குமாம். எத்தனை தொழில் ஒழுங்கு பாருங்கள். சீரக சம்பாவும் கத்தரிக்காயுமாக நான் அளவுக்குத் தயாராகித் திரும்பினேன்.

வெள்ளாட்டுத் தோலில் ஒரு தொல்லை, சின்னது. ஒரு தோல் நாலைந்து சதுர அடிதான் வரும். இந்தக் கோட்டுக்கோ சேதாரம் சேர்த்து நாற்பது சதுர அடிக்கு மேல் வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆடுகள் ஒரே நிறத்தில், ஒரே மணியில் ஒத்துப்போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் நாலு பேர் ஒத்துப்போனதில்லை. மாஸ்டர் தோல்களைத் தரையில் பரப்பிச் சுற்றிச் சுற்றி வந்தார். முதுகுப் பகுதி இறுக்கம், வயிற்றுப் பகுதி தொளதொளப்பு. அதனால் ஆட்டின் முதுகு என் நெஞ்சுக்கு வரும். ஆட்டின் வயிறு என் கக்கத்துக்கும் காலரின் அடிப்பக்கத்துக்கும் போகும். என் முதுகுக்கு இரண்டு ஆடு. நடுவில் ஒரு தையல். பீ கோட்டுக்கு நடுமுதுகில் எப்படியும் தையல் உண்டு என்பதால் அது குறையாகத் தெரியாது.

கடைசியில் பட்டன். மாஸ்டர் ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். எல்லாம் நங்கூரம் பொறித்தவை, எந்தக் காலத்து ஆர்டரில் மிஞ்சியவையோ. என் மனைவி ஒன்றை எடுத்துப் பார்த்து, "பாலாத்துல கால் நனைக்கத் தண்ணி இல்ல, இவருக்கு நங்கூரம் எதுக்கு?" என்றாள். மாஸ்டருக்கும் அது நியாயமாகப் பட்டது. எருமைக் கொம்பில் கடைந்த கறுப்புப் பட்டன்களை எடுத்துக் கொடுத்தார். தோலில் வேண்டாம் என்று ஒதுக்கிய எருமை, நெஞ்சில் இரண்டு வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டது. மனைவி அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை.

மாஸ்டருக்குக் கை ஓய்ந்தது அக்கினி நட்சத்திரத்தில். அப்போதுதான் கோட்டு முடிந்தது. போட்டு, எல்லாப் பட்டனையும் மாட்டி, காலரைத் தூக்கிவிட்டு, அசையாமல் நிற்கச் சொன்னார். சரியாக அந்த நேரம் கரண்டு போயிற்று. அவர் அவசரப்படவில்லை. தோளை நீவினார், கையை மடக்கச் சொன்னார், பின்னால் போய் மறுபடி முன்னால் வந்தார்.

"கோட்டு கச்சிதமா இருக்கு சார்" என்றார். "நீங்கதான் கொஞ்சம் கொஞ்சமா லூஸ் ஆயிட்டு வர்றீங்க."