தாடிக்கு முன்னால்

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒளிவாளோடு வரும் தாடிக்காரர் அலெக் கின்னஸ், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

பதில்: நல்லவேளை, இதை அவரிடமே கேட்கவில்லை!

1914-ல் லண்டனில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்கான இடம் காலி. விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர் மேடைக்குத் தாவி, 1938-ல் ஓல்ட் விக் அரங்கில் ஹாம்லெட் ஆனார். போர் வந்ததும் கடற்படை.

'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' (1949) படத்தில் ஒரே குடும்பத்தின் எட்டுப் பேரும் அவரே. பிரபுப் பட்டத்துக்காக ஒருவன் அந்தக் குடும்பத்தையே தீர்த்துக்கட்டக் கிளம்ப, கின்னஸ் வகை வகையாகச் சாகிறார். பெண் வேடத்தில் பலூனில் பறந்து, அம்பு துளைத்து விழுந்தும்கூட! மூக்கையும் மீசையையும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். இவர் நடையை மாற்றினார்.

'குவாய் நதிப் பாலம்' (1957) இலங்கையின் கிதுல்கலவில் எடுக்கப்பட்டது. இயக்குநர் டேவிட் லீனோடு ஓயாத வாக்குவாதம், முடிவில் ஆஸ்கர். 1959-ல் 'சர்' பட்டம்.

பிறகுதான் உங்கள் தாடி, 1977-ல். வசனமெல்லாம் குப்பை என்று கடிதத்தில் புலம்பியவர், லாபத்தில் பங்கு வாங்க மட்டும் மறக்கவில்லை. கணக்கில் புலி!

அந்தப் படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்ததாக ஒரு சிறுவன் பெருமையாகச் சொன்னானாம். "இனிமேல் பார்க்காதே" என்றார் கின்னஸ். பையன் அழுதுவிட்டான்.