டோக்கன் குடுக்குறாங்களா?

பெறுநர்: உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் சங்கத்தார், பிரிஸ்டல், இங்கிலாந்து.
அனுப்புநர்: பில்லியர்ட்ஸ் மேசையில் புள்ளி எண்ணி ஓய்வுபெற்ற மார்க்கர் ஒருவன், மகியாவை, கண்டி.
பொருள்: கியூவில் நிற்பது தொடர்பானது.

மதிப்புக்குரிய ஐயாமார், அம்மாமாருக்கு,

உங்கள் ஆட்டத்தில் கியூ என்றால் கோல். தொழில்முறைச் சுற்றுக்கு ஆள் பிடிக்க 2011இல் நடத்தத் தொடங்கிய போட்டிக்குக் கியூ ஸ்கூல் என்று பேர். பிறகு வந்த இரண்டாந்தரச் சுற்றுக்குக் கியூ டூர். எங்களுக்கு கியூ என்றால் வரிசை. 2022இல் பெட்ரோலுக்கும் காஸுக்கும் பால்மாவுக்கும் நாங்கள் நின்ற நிலையைப் பார்த்திருந்தால், ஒரு பந்தும் போடாமலே எங்களை அரையிறுதிக்கு அனுப்பியிருப்பீர்கள்.

அதே வருஷம்தான் ஆசியாக்காரருக்கென்று பாங்கொக்கில் கியூ ஸ்கூல் திறந்தீர்கள். செய்தி சொல்ல என் மருமகன் ஓடி வந்தான். நான் மண்ணெண்ணெய்க்கு நின்றுகொண்டிருந்தேன்.

"மாமா, பாங்கொக்குல கியூவாம்!"

"டோக்கன் குடுக்குறாங்களா?" என்றேன்.

மருமகனின் கை நல்ல கை. அதை வளர்த்தது கண்டி மழை. மழை நாளில் மேசைத் துணி ஈரம் குடித்துவிடும். பந்து உருளாது, நடக்கும். ஆட்டம் ஆரம்பிக்கும் பௌல்க் பக்கம் தொடங்கிக் கறுப்புப் பந்து இருக்கும் பக்கமாக, துணியின் மயிர் சாயும் திசையில் மட்டும் தூரிகை போட்டு, அதே திசையில் இஸ்திரிப்பெட்டியை இழுப்பேன். திசை மாறினால் துணி முரண்டு பிடிக்கும். கரண்ட் போனால் அதுவும் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பையன் மெழுகுதிரி வெளிச்சத்தில் வெறுங்கோலை முன்னும் பின்னும் ஓட்டிப் பழகினான். உங்கள் போட்டி மேசைகளில் கற்பலகைக்கு அடியில் சூடேற்றி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கல்லுக்குக்கூடக் குளிரும் என்று நினைக்கிற கருணை உள்ளவர்கள் என்பதால்தான் துணிந்து எழுதுகிறேன்.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 1875இல் ஜபல்பூரில், மழைக்கு வெளியே போக முடியாமல் பட்டாளத்து மெஸ்ஸில் அடைந்து கிடந்த நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி ஆக்கியதுதான் இந்த ஆட்டம் என்கிறார்கள். சட்டதிட்டங்கள் எழுதி ஒட்டப்பட்டது 1882இல், ஊட்டி கிளப்பில். அன்றைக்கு மழை விட்டிருந்தால் உங்கள் சங்கமே இல்லை. எங்கள் பக்கத்து மழைக்குப் பிறந்த பிள்ளை, இன்று ஈரம் ஆகாது என்று சீமையில் கணப்படுப்போடு குடியிருக்கிறது!

உங்கள் ஏணி எனக்கு விளங்குகிறது. கியூ டூரில் முன்னுக்கு வந்தால் இரண்டு வருஷத்துக்கு டூர் கார்ட். மேலே சுமார் 128 பேர். அதில் முதல் 64க்குள் நில்லாதவன், கார்டின் காலம் முடிந்ததும் இறங்க வேண்டியதுதான். நியாயமான ஏணி. சுவர் மட்டும் உங்கள் வீட்டுச் சுவர். முதல் படியில் கால் வைக்க விசா வேண்டும், விமானம் வேண்டும், அறை வேண்டும். முதல் சுற்றிலேயே தோற்றால் ஒரு பிற்பகலில் எல்லாம் முடிந்தது. விசாக் கேள்விகளில் ஒன்று: திரும்பி வருவாய் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மருமகன் யோசித்து எழுதினான்: "64க்குள் வராவிட்டால் அவர்களே அனுப்பிவிடுவார்கள்."

ஆசிய-பசிபிக் என்று ஒரு கிளையும் வைத்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் எங்களைச் சுற்றியிருப்பது இந்து சமுத்திரம்.

திறமை போதாது என்பீர்களோ? 1973இல் பம்பாயில் எங்கள் எம்.ஜே.எம். லாபிர் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். மணிக்கட்டில் சந்தேகம் என்றால், டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த முரளிதரன் இந்த ஊர்ப் பிள்ளை. அவருடைய மணிக்கட்டையும் முழங்கையையும் வெள்ளைக்காரர் ஏற்கெனவே போதுமான அளவு பரிசோதித்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு மேசைக்கு ஐந்து கற்பலகை. மேசையோடு சேர்த்து மொத்தம் ஒரு தொன்னுக்கு மேல். உங்கள் தோட்டத்துரைமார் அவற்றை ரயிலிலும் வண்டியிலுமாக இந்த மலைகளுக்கு ஏற்றினார்கள். நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. பில்லியர்ட்ஸ் அறை இன்றும் இருக்கிறது. துரைமார் ஆடினார்கள், எங்கள் ஆட்கள் புள்ளி எண்ணினார்கள். அவ்வளவு கல்லை மலையேற்ற முடிந்தவர்களுக்கு, ஒரு கோலோடு நிற்கும் ஒரு பையனை ஏற்றுவது கஷ்டமா?

கண்டிக்கு ரயில் வந்த காலத்தில் றம்புக்கனையில் வண்டிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டுவார்கள். கடுகண்ணாவை ஏற்றம் முடியும்வரை அது தள்ளும். மேலே போனதும் கழற்றிவிடுவார்கள். வண்டிக்காகச் சீமையை இங்கே இழுத்து வரவும் இல்லை, மலையைக் குறைக்கவும் இல்லை. நாங்கள் கேட்பதும் அப்படி ஒரு தள்ளுதான். கியூ டூரில் ஒரே ஒரு போட்டியைக் கண்டியில் வையுங்கள். சூடேற்றிய மேசை வேண்டாம். இஸ்திரிப்பெட்டி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
மார்க்கர்.

பி.கு.: பெரஹெரா ஊர்வல நாட்களில் மட்டும் வராதீர்கள். வீதியெல்லாம் மூடிவிடுவார்கள், நீங்களும் கியூவில்தான் நிற்க வேண்டிவரும். அப்படியும் வருவதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், டோக்கன் எடுத்து வைக்கிறேன்.