செம்மரத் தண்ணீர்

கேள்வி: செம்மர டம்ளரில் இரவு முழுக்க ஊறிய தண்ணீரைக் குடித்தால் மருந்து உடம்பில் சேருமா? (சித்தூர் வாசகர்)

பதில்: முதலில் அது தண்ணீரில் இறங்க வேண்டுமே! திருப்பதி சேஷாசலக் காட்டுச் செம்மரத்தில் டெரோஸ்டில்பீன் என்றொரு பொருள் உண்டு. 1940-இல் அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்தவர்கள் ஆராய்ந்தது இந்தக் கட்டையைத்தான். அது தண்ணீரோடு ஒட்டாது, கொழுப்பில்தான் கரையும். டம்ளர் தண்ணீரில் அது பெரிதாக இறங்காது.

திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால் இதற்குப் பங்காளி. அது குடலைத் தாண்டிவிடும். ஆனால் அதற்கு மூன்று ஹைட்ராக்சில் கொக்கிகள். அவற்றில் குடலும் கல்லீரலும் சல்பேட்டை மாட்டி வெளியே அனுப்பிவிடும். டெரோஸ்டில்பீனிலோ இரண்டு கொக்கிகளுக்கு மெத்தில் மூடி! 2011-இல் வெளியான எலி ஆய்வில், வாய்வழி கொடுத்ததில் ரத்தத்துக்குத் தேறியது ரெஸ்வெரட்ரால் சுமார் 20 சதவீதம், டெரோஸ்டில்பீன் 80. (எலிக்கு, மனிதருக்கு அல்ல.)

மஞ்சளின் குர்குமினுக்கும் ரெஸ்வெரட்ராலின் தலைவிதிதான். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 2 கிராம் குர்குமினுடன் மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள்; மனிதர்களிடம் உறிஞ்சல் 2,000 சதவீதம் உயர்ந்தது.

இதே பைப்பரின் வலிப்பு மருந்தான ஃபெனிடாயினையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். ஃபெனிடாயின் சாப்பிடுபவர்கள் மிளகுச் சத்து மாத்திரைக்கு முன் டாக்டரைக் கேட்கட்டும்.