வயசு ஏறாத பாட்டில்

பர்பன் விஸ்கிக்கு வயசு ஏறுவதெல்லாம் பீப்பாயில் கிடக்கும்வரைதான். உட்புறம் கரித்த புது ஓக் பீப்பாயில் நிறமும் மணமும் வாங்கிக்கொள்ளும். பாட்டிலில் அடைத்துவிட்டால் அப்புறம் ஏறுவது விலை மட்டும். இந்த உண்மையை கென்டக்கியில், அதுவும் லூயிவில் நகரத்தில், பழைய பாட்டில் திறக்கும் மேஜையில் சொல்லக் கூடாது. அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

நண்பர் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தது ஓல்டு ஃபிட்ஸ்ஜெரால்டு. கழுத்தில் பச்சை நிற வரிச் சீட்டு: 1965இல் வடித்தது, 1971இல் அடைத்தது. பச்சைச் சாராயத்தில் புகையிலைச் சாற்றைக் கலந்து ‘பழசு’ என்று விற்ற புண்ணியவான்களால் 1897இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே ஆலை, ஒரே பருவம், சர்க்கார் கண்காணிப்புக் கிடங்கில் குறைந்தது 4 வருஷம், ஆல்கஹால் 50 சதவீதம்; இதற்குச் சாட்சிதான் அந்தப் பச்சைச் சீட்டு. சர்க்காரே கடை போட்டு விற்கும் ஊரிலிருந்து வந்த எனக்கு இதில் பெரிய ஆச்சரியமில்லை.

ஓல்டு ஃபிட்ஸ்ஜெரால்டை வடித்த ஸ்டிட்ஸல்-வெல்லர் ஆலை 1935இல், டெர்பி குதிரைப் பந்தய நாளில் திறந்தது. 1992இல் காய்ச்சுவதை நிறுத்தியது. ரை தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்ப்பது அவர்கள் கைப்பக்குவம். ரசாயன நிபுணர்களுக்கு உள்ளே இடமில்லை என்று பலகையே மாட்டியிருந்தார்கள். எங்கள் மேஜையிலோ அத்தனை பேரும் நிபுணர்கள்.

சீல் உடையவில்லை, ஆனால் சரக்கு கழுத்துக்கு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. “மூடி வழியா ஆவியாயிடுச்சு” என்றார் நண்பர். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

ஆளுக்கு ஒரு பாலாடைச் சங்களவு ஊற்றினார். ஒருவர் கண்ணை மூடி “பழைய தோல் நாற்காலி” என்றார். இன்னொருவருக்கு நூலகம் தெரிந்தது. எனக்கு முதலில் மூக்கு எரிந்தது; பிறகு நாக்கில் லேசாகக் கருகிய வெல்லப்பாகு. நன்றாகவே இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். எல்லோரும் என் வாயையே பார்க்க, “வறுத்த புளியங்கொட்டை” என்று எடுத்துவிட்டேன்.

மேஜை அமைதியானது. மறுபடி முகர்ந்தார்கள். “ஆமாம், ஆமாம், கடைசியில் வருது!” என்றார் நூலகக்காரர். புளியங்கொட்டையைக் கண்ணால் கண்டிராத மூன்று பேருக்கும் அதே வாசனை வந்துவிட்டது. தோல் நாற்காலிக்காரர் நோட்டை எடுத்தார்.

“வறுக்காததுக்கும் இதே வாசனைதானா?”

“அது இன்னும் கொஞ்சம் இளசா இருக்கும்” என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்.